35 நாள் குட்டி: வாங்கலாமா, கூடாதா?

"ஏழு குட்டி இருக்கு சார். ரெண்டு புக் ஆயிடுச்சு. நாளைக்கு வந்தா இருக்குமான்னு சொல்ல முடியாது!"

ஓட்டேரியில் ஒரு வீட்டு மொட்டை மாடி. தகரக் கொட்டகை. அதன் கீழே பழைய புடவை விரித்த மரப்பெட்டி. பெட்டிக்குள் லேப்ரடார் குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக உருண்டுகொண்டிருந்தன. விலை குட்டிக்கு 9,000 ரூபாய்.

விற்பவர் அச்சகத்தில் வேலை பார்க்கும் வாலிபர். நாய்க்குச் சோறு வைப்பது, பெட்டியைக் கழுவுவது எல்லாம் அவருடைய மனைவி. இருவருக்கும் இது புதுசு. நாய்க்கும் இதுதான் முதல் ஈற்று.

வாங்க வந்தவர் பெரம்பூரில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருப்பவர். கூடவே பத்து வயது மகள். மாடிப்படி ஏறி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, மகளின் மடியில் ஒரு குட்டி ஏறிவிட்டது. அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது.

"குட்டிக்கு எத்தனை நாள் ஆகுது தம்பி?"

"முப்பத்தஞ்சு நாள் சார். ரொட்டி எல்லாம் சூப்பரா சாப்பிடுது."

அவ்வளவுதான். சட்டைப் பைக்குப் போன கை அங்கேயே நின்றுவிட்டது.

காரணம் இருக்கிறது. போன வருஷம் இதே மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில், கூடையில் வைத்து விற்றவரிடம் ஒரு குட்டி வாங்கினார். விற்றவர் புதுசு இல்லை. இந்தத் தொழிலிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர். "கேரண்டி சார், ஊசி எல்லாம் போட்டாச்சு" என்று சத்தியம் செய்தார். ஐந்தாம் நாள் குட்டி வாந்தி எடுத்தது. ஆறாம் நாள் ரத்தமாகப் போனது. ஏழாம் நாள் விடியற்காலையில் செத்தது. குட்டிக்குக் கொடுத்ததைவிட டிரிப்ஸுக்கும் ஆட்டோவுக்கும் அதிகம் செலவாயிற்று. மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சந்தைக்குப் போய்த் தேடினால் கூடைக்காரரைக் காணோம்.

அனுபவசாலியிடம் வாங்கிக் கெட்டாயிற்று. இப்போது அனுபவமே இல்லாதவரிடம் வாங்குவதா? மொட்டை மாடியில் அவர் மனசுக்குள் ஓடிய கேள்வி இதுதான். நகரத்தில் இன்று எத்தனையோ வீடுகளில் ஓடும் கேள்வியும் இதுதான். வீட்டில் ஆசைக்கு வளர்த்த பெட்டை நாய்க்கு யாரோ ஒரு நண்பரின் கடுவனைச் சேர்த்துவிட்டு, குட்டி போட்டதும் செல்போனில் படம் அனுப்பி விற்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

புதியவர் என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. அனுபவம் இல்லாதவரிடம் அறியாமை இருக்கும். அறியாமையைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடித்துவிடலாம், பல சமயம் சரிசெய்தும் விடலாம். பொய்யை அப்படிச் செய்ய முடியாது. சந்தைக் கூடையில் தாய் இல்லை, விலாசம் இல்லை, பிறந்த தேதி இல்லை. மொட்டை மாடியில் மூன்றும் இருக்கின்றன. ஆனால் அந்த மூன்றையும் பார்க்காமல், குழந்தை அழுகிறதே என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டால் கூடைக்கும் மாடிக்கும் வித்தியாசம் இல்லை.

ஐந்தாவது வாரத்தில் என்ன நடக்கிறது?

புதிதாகக் குட்டி எடுப்பவர்கள் ஏன் 30, 35 நாளிலேயே தள்ளிவிடப் பார்க்கிறார்கள்? எல்லோரும் பணப் பேய்கள் என்று சொல்லிவிட முடியாது.

முதல் மூன்று வாரம் வேலை எல்லாம் தாய்க்குத்தான். பால் கொடுப்பதும் அதுதான், நக்கிச் சுத்தம் செய்வதும் அதுதான். வீட்டுக்காரருக்கு வேடிக்கை பார்ப்பது மட்டும்தான் வேலை. சொந்தக்காரர்கள் வந்து கொஞ்சிவிட்டுப் போவார்கள். மூன்றாவது வாரத்தில் பால் பல் முளைக்கிறது. ஊசி மாதிரிப் பல். தாய்க்குக் காம்பு கடிபடுகிறது. எழுந்து போய்விடுகிறது. நாலாவது வாரத்தில் குட்டிகளுக்குத் தனியாகச் சாப்பாடு கரைத்து வைக்க வேண்டும். சாப்பிட ஆரம்பித்தால் கழிவும் ஆரம்பம். தாய் நக்கிச் சுத்தம் செய்வதையும் நிறுத்திவிடும். ஏழு குட்டி, ஒரு நாளைக்கு நாலு வேளை! கீழ் வீட்டுக்காரர் "என்னங்க நாத்தம்" என்று மாடிப்படியில் நின்று கேட்பார். வாடகை வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகக்கூடி, ஐந்தாவது வாரத்தில் தம்பதிக்குத் தூக்கம் போய்விடுகிறது. "யாராவது எடுத்துட்டுப் போனா போதும்" என்ற நிலைமை. அந்த நேரம் பார்த்துத்தான் வாங்குகிறவரும் போய் நிற்கிறார். குட்டியும் அப்போதுதான் பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். ரெண்டு பேருக்கும் அவசரம். அந்த அவசரத்துக்கு விலை கொடுப்பது குட்டி.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் கீழ் 2017-இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளைக் கொண்டுவந்தது. எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது.

ஓட்டேரி வாலிபருக்கு இது தெரியுமா? தெரியாது. "பதிவா? எதுக்கு சார்? நாம என்ன கடையா வெச்சிருக்கோம்?" என்று அவர் கேட்டதில் நடிப்பு இல்லை.

56 நாள் என்பது பஞ்சாங்கம் பார்த்துப் போட்ட கணக்கு அல்ல. ஐந்தாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில்தான் குட்டி கூடப் பிறந்ததோடு கட்டிப் புரண்டு கடிக்கப் பழகுகிறது. ஓங்கிக் கடித்தால் மற்ற குட்டி கத்தும், விளையாட்டை விட்டுவிட்டுப் போய்விடும். தாய் ஒரு உறுமல் உறுமும். எவ்வளவு கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற பாடம் அந்தப் பெட்டிக்குள்தான் நடக்கிறது. முப்பதாம் நாளே தனியாகத் தூக்கி வந்த குட்டி அந்தப் பாடத்தைக் குழந்தைகளின் கையிலும் காலிலும் படிக்கும்.

ரத்தக் கழிச்சல்

இன்னொரு காரணம் உயிர் சம்பந்தப்பட்டது.

கடைக்காரரின் பழைய குட்டியைக் கொன்றது பார்வோ வைரஸ். 1978-வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய நோய் இது. வைரஸ் உடம்பில் புகுந்து பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் வாந்தியும் கழிச்சலும் வரும். ஞாயிற்றுக்கிழமை துள்ளி விளையாடிய குட்டி அடுத்த ஞாயிறு இல்லாமல் போவது இதனால்தான். "வீட்டுக்கு வந்த நேரம் சரியில்லை" என்று சிலர் ராசியைப் பழிப்பார்கள். பல கேஸ்களில் நோய் குட்டியோடு கூடவே வந்திருக்கும்.

இதற்கென்று நேரடி மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடம்பு தாங்குகிறதா என்று காத்திருப்பதுதான் வைத்தியம். தடுப்பூசிதான் காவல். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை அது வேலை செய்யவிடாது. அந்தச் சக்தி ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு நாளில் தீரும். அதனால்தான் ஆறு வாரத்துக்கு மேல் முதல் ஊசி போட்டு, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சு, இனி பயமில்லை" என்பது பாதி உண்மை.

35 நாள் குட்டிக்கு "ஊசி போட்டாச்சு" என்று ஒருவர் சொன்னால்? ஒன்று, போடவில்லை. இல்லாவிட்டால், மெடிக்கல் கடையில் மருந்து வாங்கித் தானே குத்தியிருப்பார். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. பையில் போட்டு வெயிலில் ஸ்கூட்டரில் கொண்டுவந்த மருந்து தண்ணீருக்குச் சமம். டாக்டர் போட்டிருந்தால் அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், தேதி இருக்கும், கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். வாயால் சொல்வதை விட்டுவிட்டு அட்டையைக் காட்டச் சொல்ல வேண்டும்.

ஓட்டேரி வாலிபர் இந்த இடத்தில் பாஸ்! "இன்னும் போடல சார். 45 நாள்ல போடலாம்னு டாக்டர் சொன்னாரு" என்றார். போடாததைப் போடவில்லை என்று சொல்ல ஒரு நேர்மை வேண்டும்.

கடைக்காரர் வீட்டில் இன்னொரு சிக்கல். பார்வோவில் ஒரு குட்டி செத்த வீடு அது. அந்த வைரஸ் லேசில் சாகாது. நிழலான மண்ணில், தரை இடுக்கில் மாதக்கணக்கில், ஒரு வருஷம்வரைகூட உயிரோடு இருக்கும். பினாயிலை நம்ப முடியாது, பிளீச்சிங் வேண்டும். ஆக, மாடியிலிருந்து நல்ல குட்டியாகவே தூக்கிப் போனாலும், ஊசி போடாத குட்டியைப் பழைய குட்டி படுத்த மூலையிலேயே படுக்கவைத்தால் கதை திரும்பவும் அதே கதைதான். நாளைக்கு விற்றவர் மேல் பழி வரும்!

தாயைக் காட்டு!

குட்டி வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது குட்டியை அல்ல. தாயை.

தாயைக் காட்டாமல் "அது உள்ளே தூங்குது", "அது எங்க அண்ணன் வீட்ல இருக்கு" என்றால் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிவிடலாம். வேறு எங்கோ மொத்தமாக வாங்கி வந்து, வீட்டுக் குட்டி என்று பேர் பண்ணி விற்கிற ஆட்களும் ஊரில் இருக்கிறார்கள்.

ஓட்டேரியில் தாய் நாய் கொட்டகை ஓரம் படுத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. பால் கொடுக்கிற நாய் கொஞ்சம் இளைக்கத்தான் செய்யும். ஆனால் கடைக்காரர் வயசைக் கேட்டார்.

"ஒன்றரை வயசு ஆகப் போகுது சார்."

கணக்குப் போட்டால் விஷயம் தெரியும். நாய்க்குக் கர்ப்பம் சுமார் 63 நாள். குட்டிக்கு 35 நாள். இரண்டும் சேர்ந்தால் மூன்று மாதத்துக்கு மேல். அப்படியானால் கடுவனைச் சேர்த்தபோது அந்த நாய்க்கு ஒன்றேகால் வயதுகூட இருந்திருக்காது! 2017 விதிப்படி பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பருவத்தில் சேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளுக்கு ஐந்துக்கு மேல் கூடாது.

இது தப்பு. தெரியாமல் செய்தாலும் தப்புதான். எலும்பு முற்றாத நாயின் வயிற்றில் எட்டுக் குட்டி.

எட்டா? பெட்டியில் ஏழுதானே என்று கேட்கலாம். எட்டாவது குட்டியைக் கடுவன் நாயின் சொந்தக்காரர் "முதல் குட்டி எனக்கு" என்று முப்பதாம் நாளே தூக்கிப் போய்விட்டார். ஊர் வழக்கம் அது. கடுவன்காரருக்கு ஒரு குட்டி, அல்லது அதன் விலை. புதியவர்களை முதலில் மிரட்டுகிறவர்களும் இவர்கள்தான். "நான் பதினஞ்சு வருஷமா பண்றேன், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டால் அச்சக வாலிபர் என்ன பேசுவார்?

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரிப் பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். பிறந்த குட்டியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தாய்க்கும் தகப்பனுக்கும் வயது வந்த பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருந்தால் ஓரளவு தெரியும். புதியவர்களில் பத்தில் ஒன்பது பேர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பழையவர்களில் பலரும் அப்படித்தான்! குறைந்தபட்சம் இரண்டு நாயும் எப்படி நடக்கின்றன என்றாவது பார்க்க வேண்டும். தகப்பன் எந்த வீட்டு நாய், இரண்டும் சொந்தமா என்று கேட்க வேண்டும். கூச்சப்பட்டால் காரியம் ஆகாது.

"பேப்பர் இருக்கா?" என்பது இன்னொரு பிரசித்தமான கேள்வி. சென்னையில் தலைமையகம் உள்ள கென்னல் கிளப் ஆப் இந்தியாவின் சான்றிதழைத்தான் பேப்பர் என்கிறார்கள். பேப்பர் இருந்தால் விலை ஏறும். அது இந்தக் குட்டி இன்ன பரம்பரை என்று சொல்கிற காகிதம். வயிற்றில் பூச்சி இருக்கிறதா, காது கேட்கிறதா என்று அது சொல்லாது.

பூச்சி என்றதும் ஒன்று. குட்டியின் வயிறு பந்து மாதிரி இருந்தால் "கொழுகொழுன்னு இருக்கு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் அதிகம். பல நேரம் அது கொழுப்பு அல்ல, உருண்டைப் புழு. தாயின் வயிற்றிலேயே, பிறகு பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். இரண்டு வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அந்தப் புழுவின் முட்டை குழந்தைகள் வாய்க்குப் போனால் கண்ணைக்கூடப் பாதிக்கும். ஆகவே எந்தத் தேதியில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

வெள்ளைக் குட்டியும் கை தட்டலும்

நாட்டு நாய் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். ராஜபாளையம் நாய்க்கு இப்போது நல்ல மவுசு. 2005-இல் தபால் தலையிலேயே இடம்பிடித்த நாய் அது. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு இருந்தால்தான் அசல் என்று வாங்குகிறவர்கள் அடம் பிடிக்கிறார்கள். ஆனால் அந்த வெள்ளையோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் சேர்ந்து வருகிறது. அனுபவமுள்ளவர் குட்டி தூங்கும்போது கவனித்து வைத்திருப்பார். புதியவருக்குத் தெரியாது. மற்ற குட்டிகள் ஓடும்போது செவிட்டுக் குட்டியும் கூடவே ஓடும், கண்டுபிடிக்க முடியாது.

குட்டியைத் தனியாகப் பிரித்து, அது பார்க்காத பக்கமாக நின்று கை தட்ட வேண்டும். தரையைத் தட்டக் கூடாது. அதிர்வில் திரும்பிவிடும். வீட்டுக் காவலுக்கு வாங்கிய நாய்க்குக் காது கேட்கவில்லை என்று ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பதைவிட ஒரு நிமிஷம் கை தட்டுவது மேல்.

"குட்டிதானே, கடிச்சா என்ன?"

மொட்டை மாடியில் இன்னொரு சம்பவமும் நடந்தது. மடியில் இருந்த குட்டி விளையாட்டாக மகளின் விரலைக் கடித்தது. லேசாக ரத்தம் எட்டிப் பார்த்தது. "ஒண்ணும் ஆகாதும்மா, குட்டிதானே" என்றார் வாலிபரின் மனைவி.

இந்த "குட்டிதானே" என்ற வார்த்தைதான் ஆபத்து. வெறிநாய்க்கடி ஊசி குட்டிக்கு மூன்று மாதத்தில்தான் போடுகிறார்கள். அதற்கு முன்னால் அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரு நாயோ எலியோ பெருச்சாளியோ வந்து போகிற மாடியில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? வெறிநோய் வந்துவிட்டால் மனிதன் பிழைப்பது இல்லை என்றே சொல்லலாம். கடித்த இடத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் எப்போதோ மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் காசு வாங்குவதில்லை.

கடைக்காரர் மகளைக் குழாயடிக்கு அழைத்துப் போனார். அன்று சாயந்திரமே ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டாயிற்று. மகள் முகம் சுளித்தாள், அழவில்லை.

மூன்று வாரச் சோற்றுக் காசு

இனி முடிவுக்கு வருவோம். 35 நாள் குட்டியை அன்றே தூக்கி வந்திருந்தால் அது தப்பு. சட்டப்படியும் தப்பு, குட்டிக்கும் கெடுதல். "நாம எடுக்கலேன்னா வேற யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க, பாவம்" என்ற இரக்கத்தில் வாங்குவதும் அதே தப்புதான். இந்த வீட்டில் ஐந்தாவது வாரத்திலேயே காசு வருகிறது என்று தெரிந்தால் அந்தப் பெட்டை நாய்க்கு அடுத்த பருவத்திலும் ஓய்வு கிடைக்காது.

ஆனால் படி இறங்கிப் போய்விடுவதும் ஒன்றே வழி அல்ல. கடைக்காரர் கேட்டது இதுதான்: "தம்பி, இன்னும் மூணு வாரம் வெச்சுக்கிட்டா உனக்கு என்ன நஷ்டம்?"

வாலிபர் விரல் விட்டு எண்ணினார். ஏழு குட்டிக்கும் சேர்த்து நாளொன்றுக்குத் தீவனம் ஒன்றரைக் கிலோ. பால் தனி. பூச்சி மருந்து, ஊசி. கீழ் வீட்டுக்காரர் ஏச்சு.

ஏச்சுக்கு மட்டும் கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. மீதிக்கு அவர் ஒரு வழி சொன்னார். விலை 9,000-தான், அதில் பேரம் இல்லை. அட்வான்ஸ் 1,000. அதற்கு மேல் ஒரு 1,000 தன் குட்டியின் மூன்று வாரச் சோற்றுக்கு. 45-ஆம் நாள் ஊசி டாக்டர் கையால் போட வேண்டும், அட்டை வேண்டும். 56 நாள் முடிந்ததும் குட்டியை வேப்பேரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே கோளாறு என்று சொன்னால் பணம் வாபஸ். இவ்வளவும் ஒரு வெள்ளைத் தாளில். புக் செய்த மற்ற இரண்டு பேரிடமும் இதையே கேட்கச் சொன்னார்.

பணம் போட்டு வாங்குகிறவர் கூடுதலாகப் பணம் கொடுப்பதா என்று சிலர் சிரிக்கலாம். சந்தைக் குட்டிக்கு டிரிப்ஸ் ஏற்றியவர் சிரிக்க மாட்டார். புதியவரின் அவசரத்துக்குக் காரணம் செலவும் களைப்பும்தான் என்றால், அந்தச் செலவில் ஒரு பங்கை வாங்குகிறவர் ஏற்பது நியாயமான பேரம்தான். இதற்கும் சம்மதிக்காமல் "இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க, இல்லேன்னா விடுங்க" என்று ஒருவர் சொன்னால், விட்டுவிட வேண்டியதுதான். விலை கொடுத்துத்தான் நாய் வளர்க்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் முதலிய காப்பகங்களில் வீடு தேடிக் காத்திருக்கும் குட்டிகள் எப்போதும் உண்டு.

அதிகாரிகளும் கொஞ்சம் அசைய வேண்டும். விதி வந்தது 2017-இல். அது ஓட்டேரி மாடிக்கு வந்து சேரவில்லை. வாங்குகிறவருக்கு மட்டும் கெடுபிடி உண்டு. 2025-இல் மாநகராட்சி, வீட்டு நாய்க்கு லைசென்சும் மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. நல்லது. ஆனால் அந்த நாய் பிறக்கிற இடத்தில் யார் கேட்கிறார்கள்? குட்டி போடுகிற வீடுகளைத் தேடி ரெய்டு போக வேண்டாம். அவர்களே தேடி வருகிறார்கள்! நாய் சினையா என்று பார்க்க வேப்பேரி மாட்டு ஆஸ்பத்திரிக்கு, அதாவது 1903-இல் தொடங்கிய கால்நடைக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கு, எத்தனையோ பேர் வருகிறார்கள். மற்றவர்கள் தனியார் கிளினிக்குகளுக்குப் போகிறார்கள். அங்கேயே ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கலாம். தமிழில், நாலே வரி. 56 நாளுக்கு முன் விற்காதே. எந்த நாளில் எந்த மருந்து. அடுத்த பருவத்தில் சேர்க்காதே. எங்கே போய்ப் பதிவு செய்வது. அச்சகத்தில் வேலை பார்க்கும் அந்த வாலிபரே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்!

ஓட்டேரி மாடியில் தாள் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைக்காரர் செருப்பை மாட்டும்போது வாலிபரின் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கணும். பகல்ல வீட்ல யாரு இருப்பாங்க? நீங்க கடைக்குப் போயிட்டா குட்டியைக் கட்டிப் போட்டுடுவீங்களா?"

கடைக்காரர் சிரித்தார். பகலில் தன் அம்மா இருப்பார் என்றார். கட்டுவதில்லை என்றார். பழைய குட்டி செத்த கதையையும் மறைக்காமல் சொன்னார். வீடு முழுக்கப் பிளீச்சிங் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கூட்டிப் போக வேண்டும் என்று அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார். இருபது வருஷம் தொழில் செய்த கூடைக்காரர் இப்படி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

ஏழும் ஒரே நிறம். எது தன் குட்டி என்று பிறகு தெரிய வேண்டுமே! வாலிபரின் மனைவி நகப் பாலீஷ் எடுத்து வந்து, மகள் காட்டிய குட்டியின் முன்னங்கால் நகம் ஒன்றில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார்.

மறுநாள் பெரம்பூர் கடையில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் தினசரிக் காலண்டரில் மகள் 21 தாள் எண்ணி, அந்தத் தாளின் மூலையை மடித்து வைத்தாள்.